6 வயதில் மேதை, 54 வயதில் அறிமுகம்... பியானோ கலைஞர் கிளாரா ஹாஸ்கிலின் கதை!

இன்னைக்கு ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. இயர்போனை மாட்டிக்கிட்டு, யூடியூபில் கிளாரா ஹாஸ்கில் என்று தேடுங்க. நரைத்த தலை, வளைந்த முதுகு என்று ஒரு வயசான அம்மாவின் போட்டோ வரும். பக்கத்து வீட்டுப் பாட்டி மாதிரிதான் இருப்பார். அவர் வாசித்த மொசார்ட்டின் டி மைனர் கன்சர்ட்டோ எது கிடைக்கிறதோ, அதை ஓடவிடுங்க. முதல் இரண்டு நிமிஷத்துக்கு மேல் வெறும் ஆர்கெஸ்ட்ராதான், ஸ்கிப் பண்ணாம பொறுமையா இருங்க. அப்புறம் ஆர்கெஸ்ட்ரா அடங்கி, பியானோ தனியாக உள்ளே வரும். ஆர்ப்பாட்டமே இருக்காது. யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல வரும்.

அந்த இடம் பிடிச்சிருந்தா மேற்கொண்டு படிங்க. பிடிக்கலைன்னாலும் படிங்க. வெஸ்டர்ன் கிளாசிக்கல் எல்லாம் நமக்கு எங்கே புரியப்போகுதுன்னு நினைக்கிறவங்களுக்கும் இந்தக் கதை புரியும். திறமை இருந்தும் நேரம் வராமல் காத்திருந்த ஒரு பெண்ணின் கதை இது. காத்திருந்தது ஒன்று, இரண்டு வருஷம் இல்லை. கிட்டத்தட்ட 40 வருஷம்.

ஒரு தடவை கேட்டாலே போதும்!

1895 ஜனவரி 7. ருமேனியாவின் தலைநகர் புக்காரெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் கிளாரா. மூன்று பெண்களில் நடுப்பெண். மூத்தவர் லிலி, இளையவர் ஜான். அம்மாவின் சகோதரி ஒருவர் நல்ல பியானோ கலைஞர், இளம் வயதிலேயே இறந்துபோனவர். அவருடைய பெயரும் கிளாராதான். அந்தப் பெயரைத்தான் குழந்தைக்கு வைத்தார்கள். கிளாராவுக்கு 4 வயதானபோது அப்பா இறந்துவிட்டார்.

அந்த வீட்டில் இசை தினசரி விஷயம். குழந்தை சீக்கிரமே பியானோ பக்கம் போனதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் 6 வயதை ஒட்டி நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் கொஞ்சம் ஓவர்தான். இசை ஆசிரியர் ஒருவர் மொசார்ட்டின் சொனாட்டா ஒன்றிலிருந்து ஒரு பகுதியை அவள் முன்னால் வாசித்துக் காட்டினாராம். நோட்ஸ் படிக்கக்கூடச் சரியாகத் தெரியாத அந்தப் பெண், கேட்டதை அப்படியே திருப்பி வாசித்தாள். அதோடு விடவில்லை. அதையே வேறொரு சுருதிக்கு மாற்றி இன்னொரு முறை வாசித்தாள். பியானோவில் சுருதி மாற்றினால் எல்லா விரல்களும் வேறு வேறு கட்டைகளுக்குப் போகணும். பெரியவர்களே திணறும் வேலை அது.

இப்படிப்பட்ட குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் இல்லையா? 7 வயதில், அம்மாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான அவ்ராம் மாமா அவளை வியன்னாவுக்கு அழைத்துப் போனார். அம்மாவும் சகோதரிகளும் புக்காரெஸ்ட்டில். இவள் மட்டும் மொழி தெரியாத ஊரில், கண்டிப்பான மாமாவோடு. வியன்னாவில் ரிச்சர்ட் ராபர்ட் என்ற ஆசிரியர் கிடைத்தார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸெல், ருடால்ஃப் செர்கின் ஆகியோரும் அவரிடம் படித்தவர்கள்தான்.

1905-ல் அடுத்த ஊர், பாரிஸ். அங்கே இருந்த கன்சர்வேட்டரி அன்றைக்கு இசை படிப்பவர்களின் கனவு. சில வருடங்களில் ஆல்ஃப்ரெட் கோர்ட்டோவின் வகுப்பில் இடம் கிடைத்தது. கோர்ட்டோ பெரிய ஸ்டார். ஸ்டார் என்பதாலேயே பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். இருக்கும் நாளிலும் இந்தக் கூச்ச சுபாவப் பெண் மேல் அவருக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் இல்லாத நேரத்தில் பாடம் எடுத்த லசார் லெவிதான் கிளாராவை உண்மையில் வளர்த்தவர். பெரிய பெயருள்ள கோச்சிங் சென்டரில் சேர்ந்துவிட்டு, பெயர் தெரியாத ஜூனியர் ஆசிரியரிடம் எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கலாம்.

நடுவில் வயலினும் கற்றார். சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை, மேடையில் வாசிக்கும் அளவுக்கு. இதை ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

1910-ல் பாரிஸ் கன்சர்வேட்டரியின் பியானோ பிரிவில் முதல் பரிசு. வயது 15. அதன்பின் ஐரோப்பிய நகரங்களில் கச்சேரிகள். அன்றைய பியானோ உலகின் ராட்சசன் ஃபெருச்சியோ புசோனி அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, பெர்லினுக்கு வந்து தன்னிடம் படிக்கச் சொன்னார். பெண் ரொம்பச் சின்னவள் என்று அம்மா அனுப்பவில்லை.

புக்காரெஸ்ட், வியன்னா, பாரிஸ். மூன்று நாடுகளில் படிப்பு, கையில் முதல் பரிசு, பெரியவர்களின் ஆசீர்வாதம். இந்த இடத்தில் சினிமா என்றால் ஒரு பாட்டுப் போட்டு, பாட்டு முடிவதற்குள் ஹீரோயின் உலகப் புகழ் பெற்றுவிடுவார். கிளாராவுக்கு அப்படி நடக்கவில்லை.

மாவுக்கட்டுக்குள் நாலு வருஷம்

வளரும் வயதில் கிளாராவின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைய ஆரம்பித்திருந்தது. ஸ்கோலியோசிஸ் என்பார்கள். இன்றைக்கு இதற்கு பிரேஸ் இருக்கிறது, ஆபரேஷன் இருக்கிறது. அன்றைக்கு இருந்தது மாவுக்கட்டு. 1914-ல் பிரான்ஸின் வடக்குக் கடற்கரை ஊரான பெர்க்கில் இருந்த சிகிச்சை நிலையத்துக்குப் போனார். உடம்பைச் சுற்றி மாவுக்கட்டு. வெளியே முதல் உலகப்போர். திரும்பி வந்தபோது 1918.

19 வயதிலிருந்து 23 வயது வரை. உங்கள் காலேஜ் வருஷங்களை அந்த இடத்தில் வைத்துப் பாருங்க. கூடப் படித்தவர்கள் எல்லாம் மேடையில் பெயர் வாங்கும் வயது அது. அவர் அங்கே இருந்த காலத்தில்தான் அம்மாவும் இறந்துபோனார்.

கட்டைப் பிரித்த பிறகும் முதுகு நிமிரவில்லை. வாழ்நாள் முழுக்க வலியும் போகவில்லை. ஆனால் விரல்கள் இருந்தன. கச்சேரிகள் மறுபடி வந்தன. வயலின் மேதை யூஜின் இசாய் அவரோடு சேர்ந்து வாசித்தார். ஜார்ஜ் எனெஸ்கு, பாப்லோ கசால்ஸ் எல்லோரும் அவர் வாசிப்பை மதித்தார்கள். 1924-ல் அமெரிக்கா வரை போய்வந்தார். இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அப்போதுதான் இன்னொன்று வந்து ஒட்டிக்கொண்டது. மேடை பயம்.

நமக்கு பிரசன்டேஷனுக்கு முன்னாடி வயிற்றைப் பிசையுமே, அந்த ரகம் இல்லை. மேடைக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது ஒரு தண்டனை. வாசித்து முடித்து, அரங்கமே எழுந்து கைதட்டினாலும், மோசமாக வாசித்துவிட்டேன் என்ற எண்ணத்தோடு அறைக்குத் திரும்புவார். அவர் கடிதங்களில் எல்லாம் இந்த மனக்குறை ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்தவர் பாராட்டினால் மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்கும் ஆள். கூட இருந்த அவ்ராம் மாமாவும் மனம் திறந்து பாராட்டும் ரகமில்லை. 7 வயதிலிருந்து ஒருவர் பக்கத்திலேயே இருந்து குறை மட்டும் சொன்னால், அந்தக் குரல் எப்போது வெளியிலிருந்து வருகிறது, எப்போது உள்ளிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும். இது என் கருத்துதான். ஆனால் அவர் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க எனக்கு அப்படித்தான் தோன்றியது. 1934-ல் மாமா இறந்தார். அந்த பயம் கூடவே இருந்தது.

30களில் பாரிஸில் அவர் கிட்டத்தட்ட மறக்கப்பட்ட கலைஞர். பணக்கார ரசிகர்களின் வீட்டு வரவேற்பறைகளில் வாசிப்பார். பெரிய அரங்கங்கள் அபூர்வம். ரெக்கார்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். தன்னைத் தானே சந்தையில் விற்கத் தெரியாதவர் அவர். அந்தக் காலத்திலும் அது தேவைப்பட்டது.

அந்த வருஷங்களில் அவருக்குக் கிடைத்த நல்ல விஷயம் ஒரு நட்பு. டினு லிபாட்டி. அதே ருமேனியா, அதே புக்காரெஸ்ட். 22 வயது இளையவர், அவரும் பியானோ மேதை. கிளாரா தன்னை நம்பாதபோதெல்லாம் அவரை நம்பிய ஆள். இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள், பிரிந்திருந்தால் கடிதம் எழுதிக்கொள்வார்கள்.

இரவில் நடந்து கடந்த எல்லை

1940-ல் ஹிட்லரின் படை பாரிஸைப் பிடித்தது. யூதர்களுக்கு அங்கே இருப்பதே ஆபத்து. தங்கை ஜான் வானொலி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். 1941-ல் அந்த ஆர்கெஸ்ட்ரா ஆட்கள் சிலரோடு சேர்ந்து, இரவில் நடந்தே எல்லையைக் கடந்து, ஜெர்மானியர் பிடியில் இல்லாத தெற்குப் பகுதிக்குத் தப்பினார் கிளாரா. வளைந்த முதுகோடு, 46 வயதில். போய்ச் சேர்ந்த இடம் மார்செய் துறைமுக நகரம்.

தப்பித்தாயிற்று என்று மூச்சு விடுவதற்குள் தலைவலி ஆரம்பித்தது. பார்வை மங்கியது. பரிசோதித்ததில், கண் நரம்பை அழுத்தும் கட்டி என்று தெரிந்தது. அப்படியே விட்டால் பார்வை போகும், உயிரும் போகலாம். கலைஞர்களுக்கு அடைக்கலம் கொடுத்துவந்த லிலி பாஸ்ட்ரே என்ற பிரபுக் குடும்பத்துப் பெண்மணி கைகொடுத்தார். 1942-ல் பாரிஸிலிருந்து மூளை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் மார்செய் வந்து ஆபரேஷன் செய்தார்.

இதைப் பற்றி ஒரு விஷயம் சொல்வார்கள். முழு மயக்கம் கொடுக்காமல், மரத்துப்போகும் மருந்து மட்டும் கொடுத்து நடந்த ஆபரேஷன் அது. மண்டையைத் திறந்து வேலை நடந்துகொண்டிருக்க, கிளாரா மனதுக்குள் மொசார்ட்டின் 9-வது கன்சர்ட்டோவை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். விரல்களும் லேசாக அசைந்தனவாம். ஞாபகம் போய்விடவில்லையே என்று சரிபார்க்க! உயிர் பிழைப்போமா என்ற கவலையைவிட, நோட்ஸ் மறந்துவிடுமோ என்ற கவலை அவருக்கு. மேடையைக் கண்டு நடுங்கிய அதே ஆள்தான் இவர்.

சில மாதங்களிலேயே, பாஸ்ட்ரேயின் மாளிகைத் தோட்டத்தில் மொசார்ட்டின் டி மைனர் கன்சர்ட்டோவை வாசித்தார். நீங்க ஆரம்பத்தில் தேடினீங்களே, அதேதான்.

1942 நவம்பரில் சுவிட்சர்லாந்து விசா கிடைத்தது. அதே நவம்பர் 11-ம் தேதி ஜெர்மன் படை தெற்கு பிரான்ஸுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதற்குச் சற்று முன்னால்தான் அவர் கிளம்பியிருந்தார். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

திடீரென்று எல்லாருக்கும் தெரிந்தது

ஜெனீவா ஏரிக்கரையில் வெவே என்ற சின்ன ஊர். கிளாரா அங்கே தங்கினார். 1949-ல் சுவிஸ் குடியுரிமையும் கிடைத்தது. அதே ஆண்டு நெதர்லாந்தில் வரிசையாகச் சில கச்சேரிகள். டச்சு ரசிகர்கள் அவரைக் கொண்டாடித் தீர்த்தார்கள். 54 வயதில் அவரது கரியர் தொடங்கியது.

அதுவரை இல்லாமல் அப்போது மட்டும் ஏன்? அவர் வாசிப்பு திடீரென்று மாறிவிடவில்லை. சுற்றியிருந்த உலகம் மாறியிருந்தது என்பதுதான் என் கணிப்பு. ரெக்கார்டையே எடுத்துக்கோங்க. அதற்கு முந்தைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிஷம்தான் ஓடும். அரை மணி நேர கன்சர்ட்டோவைக் கேட்க ஏழெட்டு முறை எழுந்து தட்டைத் திருப்பணும், மாற்றணும். அந்தக் காலத்துக்குத் தோதானது சின்னச் சின்ன அதிரடி உருப்படிகள். இன்றைய ரீல்ஸ் மாதிரி. 1948-ல் எல்.பி. ரெக்கார்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்கும் மேல். வீட்டில் உட்கார்ந்து முழு கன்சர்ட்டோவையும் நிதானமாகக் கேட்கலாம். டச்சு நிறுவனமான பிலிப்ஸ் 1950-ல் ரெக்கார்டு வெளியிட ஆரம்பித்தது. கிளாரா அவர்களுக்காக வாசிக்கத் தொடங்கினார்.

அவர் வாசிப்பு அந்த மாதிரி நிதானமாகக் கேட்பதற்கானது. மொசார்ட்டில் நோட்ஸ் குறைவு. வேகமாகக் கட்டைகளை உருட்டித் தப்பிக்க முடியாது. ஒரு நோட் கொஞ்சம் கனத்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். வெள்ளை வேட்டியில் காபிக் கறை மாதிரி. கிளாராவின் விரலில் ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாகக் கேட்கும், ஆனாலும் எல்லாம் ஒரே மூச்சில் பாடுவதுபோல இருக்கும். அழுகையை வரவழைக்க அவர் எங்கேயும் முயற்சி செய்வதில்லை. அதனாலேயே சில இடங்களில் தொண்டை அடைக்கிறது.

1950-ல் கசால்ஸ் நடத்திய பிராட் இசைவிழாவில் பெல்ஜியம் வயலின் கலைஞர் ஆர்தர் க்ரூமியோவைச் சந்தித்தார். அவரைவிட 26 வயது இளையவர். இருவரும் சேர்ந்து பீத்தோவனின் வயலின் சொனாட்டாக்கள் அத்தனையும் ரெக்கார்டு செய்தார்கள். மொசார்ட்டிலும் பல. க்ரூமியோவுக்குப் பியானோ நன்றாக வாசிக்க வரும். கிளாராவுக்கு வயலின் தெரியும் என்று முன்னாடியே சொன்னேனே? ஒத்திகையில் சில சமயம் இருவரும் கருவிகளை மாற்றிக்கொண்டு விளையாடுவார்களாம். அவர் மனசு விட்டுச் சிரித்த தருணங்கள் அவை என்று நினைக்கத் தோன்றுகிறது.

அதே 1950 டிசம்பரில் லிபாட்டி ஜெனீவாவில் புற்றுநோயால் இறந்தார். வயது 33. கிளாராவின் புகழ் ஏறத் தொடங்கிய நேரத்தில், அதை அவரைவிட அதிகமாக நம்பிய ஆள் இல்லை.

அதன்பின் 10 வருஷம் நிற்கவே நேரமில்லை. 1956 மொசார்ட்டின் 200-வது பிறந்த ஆண்டு. ஹெர்பெர்ட் ஃபான் கராயன் (ஆர்கெஸ்ட்ரா கண்டக்டர், பஸ் கண்டக்டர் இல்லீங்க!) அவரை அழைத்துக்கொண்டு பல ஊர்களில் மொசார்ட் வாசிக்க வைத்தார். அதே ஆண்டு பல வருஷம் கழித்து மறுபடி அமெரிக்கா. பாஸ்டனில் சார்ல் மூன்ஷின் ஆர்கெஸ்ட்ராவோடு பீத்தோவனின் 3-வது கன்சர்ட்டோ. 1957-ல் பிரெஞ்சு அரசின் லெஜியன் ஆஃப் ஹானர்.

வெவேவுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பிரபலம் குடிவந்திருந்தார். சார்லி சாப்ளின். அவர் வீட்டில் ஒரு பியானோ உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் கிளாரா அங்கே போய் வாசிப்பார். தன் வாழ்நாளில் சந்தித்த மேதைகள் மூன்றே பேர் என்று சாப்ளின் சொல்வாராம். ஐன்ஸ்டைன், சர்ச்சில், மூன்றாவது கிளாரா. அவ்வளவு பெரிய ஆள் சொன்ன பிறகாவது நம்பினாரா என்றால், இல்லை. 60 வயதைத் தாண்டியும் கச்சேரிக்கு முன் அதே நடுக்கம், முடிந்தபின் அதே அதிருப்தி.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். பொறுமையா இருந்தா ஜெயிக்கலாம் என்று ஸ்டேட்டஸ் போட இந்தக் கதையை எடுத்துக்காதீங்க. விசா வரத் தாமதமாகியிருந்தாலோ, டாக்டரின் கை நழுவியிருந்தாலோ, எல்.பி. வந்திருக்காவிட்டாலோ, அதே திறமையோடு யாருக்கும் தெரியாமலே போயிருப்பார். 20களில் அவர் எப்படி வாசித்தார் என்று கேட்க இன்றைக்கு நமக்கு வழியே இல்லை. அந்த வருஷங்கள் போனது போனதுதான்.

ஒரு ரயில் நிலையப் படிக்கட்டு

1960 நவம்பரில் பாரிஸில் இகோர் மார்க்கெவிச் நடத்திய ஆர்கெஸ்ட்ராவோடு மொசார்ட்டின் இரண்டு கன்சர்ட்டோக்களை ரெக்கார்டு செய்தார். ஒன்று அந்த டி மைனர். டிசம்பர் 1-ம் தேதி பாரிஸ் ஷான்ஸெலிஸே அரங்கில் க்ரூமியோவோடு கச்சேரி. அடுத்த கச்சேரி பிரஸ்ஸல்ஸில்.

டிசம்பர் 6. அக்கா லிலியோடு ரயிலில் பிரஸ்ஸல்ஸ் போய் இறங்கினார். ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கும்போது கால் தவறி விழுந்தார். தலையில் பலத்த அடி. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்யத் தயாரானார்கள். இடையில் நினைவு திரும்பியபோது, மறுநாள் வாசிக்க முடியாது, க்ரூமியோவிடம் மன்னிப்பு கேட்கச் சொல் என்று அக்காவிடம் சொன்னதாகவும், கைகளைப் பார்த்து அவற்றுக்காவது ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதி அடைந்ததாகவும் சொல்வார்கள்.

மறுநாள், டிசம்பர் 7, கச்சேரி நடக்கவேண்டிய நாளில், கிளாரா இறந்துபோனார். 66-வது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் இருந்தது. பாரிஸின் மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். 1963-லிருந்து அவர் பெயரில் இளம் பியானோ கலைஞர்களுக்கு ஒரு சர்வதேசப் போட்டி நடக்கிறது.

நவம்பரில் பதிவான அந்த டி மைனரும் ஆன்லைனில் கிடைக்கிறது. மார்க்கெவிச் பெயரையும் சேர்த்துத் தேடுங்க. அந்த ரெக்கார்டிங்கில் பியானோ தனியாக உள்ளே வரும்போது, அவருக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன.